மூன்றாவது காப்பு

காய்ச்சல் கண்ட குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதுபோல, ஆளுக்கொரு லேப்டாப்பை அணைத்துக்கொண்டு நின்றார்கள். வரிசை மேல்மாடிக் கூட்ட அறையின் வாசலில் தொடங்கி, படியில் இறங்கி, ஜெராக்ஸ் கடையைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டது.

"உங்களுக்கு என்ன எரர்?"

"ஐந்நூறு. உங்களுக்கு?"

"எனக்கும் இப்ப ஐந்நூறுதான். போன வாரம் ஐந்நூத்தி மூணு இருந்துச்சு. சாமி கை வெச்சார். குறைஞ்சுடுச்சு."

"மூணு குறைஞ்சுடுச்சா! அவர் சக்தியைப் பார்த்தீங்களா!"

எரர் என்பது காய்ச்சல் மாதிரி ஏறி இறங்கும் என்று அந்தக் கட்டடத்தில் எல்லாரும் நம்பினார்கள். நம்பவைத்தவர் கேபிள் சாமி.

கேபிள் சாமி கழுத்தில் மஞ்சள் நெட்வொர்க் கேபிளைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி, முனையை நெஞ்சில் தொங்கவிட்டிருப்பார். முனை எதிலும் செருகப்பட்டிருக்காது. ஒருமுறை டியூஷன் டீச்சர் துணிந்து கேட்டுவிட்டார்.

"சாமி, இது எதுல கனெக்ட் ஆகியிருக்கு?"

"எல்லாத்துலயும்."

அதற்குமேல் யார் வாய் திறப்பார்கள்? டீச்சரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் மூக்குக்கண்ணாடிக்கடை, தையல் கடை, டியூஷன் சென்டர், நாய் ஆஸ்பத்திரி என்று பலதும் உண்டு. கட்டடக்காரர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வெப்சைட் கருவியை ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். படத்தை இழுத்துப் போடலாம். எழுத்தை அடிக்கலாம். 'சேமி' என்ற பட்டனைத் தட்டினால் நம் கடை உலகத்துக்கே தெரியும். ஆரம்பத்தில் தெரியவும் செய்தது.

ஆனால் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அந்தக் கருவியையும் திறந்து வைத்துவிடுவார்கள். ஷட்டர் திறந்திருக்கும்வரை அதுவும் திறந்தே கிடக்கும். சாயங்காலம் ஞாபகம் வந்து ஒரு வரியை மாற்றி 'சேமி' தட்டினால், திரையில் சிவப்பாக வந்து நிற்கும்: 'சர்வர் பிழை. பக்கத்தைச் சேமிக்க முடியவில்லை.'

விஷயம் வேறொன்றுமில்லை. தொட ஆளில்லாமல் வெகுநேரம் திறந்து கிடந்தால், ஆள் போய்விட்டார் என்று நினைத்துக் கருவி உள்ளுக்குள்ளே கதவைச் சாத்திக்கொள்ளும். வெளியே வந்து மறுபடி லாகின் செய்தால் போதும். இதை அது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் 'சர்வர் பிழை' என்று மொட்டையாகச் சொன்னது. மொட்டையாகச் சொல்லும் இடத்தில்தான் சாமியார்கள் முளைக்கிறார்கள்.

முளைத்தார். கூட்ட அறையை வாடகைக்கு எடுத்தார். சுவரில் மின்னிக்கொண்டிருந்த ரவுட்டரில் காதை வைத்துக் கேட்டார்.

"அழுவுது" என்றார்.

"யாரு சாமி?"

"சர்வர்."

கூட்டம் உருகிப்போனது.

"எல்லாத்துலேர்ந்தும் வெளியே வாங்க. பந்தத்தை அறுங்க. லாக் அவுட் ஆகுங்க. பெட்டியை மூடுங்க. கண்ணையும் மூடுங்க. நான் அதுகிட்டப் பேசறேன்." கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். "இப்பப் புதுப்பிறவியா உள்ளே போங்க. சேவ் பண்ணுங்க."

லாகின் செய்தார்கள். தட்டினார்கள். சேமிக்கப்பட்டது. சேமிக்காமல் என்ன செய்யும்? தையல் மாஸ்டர் தன் தோளில் கிடந்த அளவு நாடாவையே எடுத்துச் சாமிக்கு மாலையாகப் போட்டுவிட்டார்.

லாக் அவுட்டை மட்டும் விற்றுக்கொண்டிருந்தால் எத்தனை நாள் ஓடும்? ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் யாராவது கண்ணை மூடாமலே செய்து பார்த்துவிடுவார்கள். ஆகவே சாமி காப்பு கொண்டுவந்தார். காப்பு என்றால் கையில் போடுவதல்ல, பக்கத்தில் போடுவது. தங்க நிறத்தில் ஒரு பெரிய கண். அதைச் சுற்றி மயிரிழை மயிரிழையாகக் கோடுகள், புள்ளிகள், ஒளிவட்டங்கள். அந்தப் படத்தை ஒவ்வொருவரும் தன் வெப்சைட்டின் அடியில் வைக்க வேண்டும்.

"சுருக்கக் கூடாது. சுருக்கினா சக்தி சுருங்கும். வெட்டக் கூடாது. எடுக்கவே கூடாது. எடுத்தா பக்கமே எரிஞ்சு போகும்."

"மறுபடி எரர் வந்தா சாமி?"

"ரெண்டாவது காப்பு. அது இதைவிடப் பெருசு."

"அதுக்கப்புறமும் வந்தா?"

சாமி சிரித்தார். வாசலில் உண்டியலோடு உட்கார்ந்திருந்த அவர் உதவியாளரும் சிரித்தார்.

அன்றுமுதல் தையல் கடைப் பக்கத்தைத் திறந்தால் சட்டை தெரிவதற்குமுன் கண் தெரிந்தது. பலர் பயந்துபோய் மூடினார்கள். ஆனால் சேவ் ஆனதே, அது போதாதா? வாடிக்கை போனாலும் வெப்சைட் பத்திரமாக இருந்தது.

இந்தக் கூத்தையெல்லாம் இரண்டாவது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நாய் டாக்டரம்மா. பூனைக்கும் பார்ப்பார், ஆட்டுக்கும் பார்ப்பார். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் அவர் நாய் டாக்டரம்மாதான். வரவேற்பு மேஜையையும் வெப்சைட்டையும் பார்த்துக்கொள்வது அவர் கணவர். நல்ல மனிதர். காதில் எப்போதும் ஒரு இயர்போன். இயர்போனில் எப்போதும் கேபிள் சாமியின் உரை.

ஒரு நாள் மதியம், டாக்டரம்மா தன் போனில் ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க, இது என்ன?"

"எது?"

"உண்ணி மருந்து கலக்கற முறை. ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு பாட்டிலா? நான் ஒரு மூடின்னுதானே சொன்னேன்?"

"மூடின்னா சொன்னே?"

"பின்னே? ஒரு பாட்டிலை ஊத்திக் குளிப்பாட்டினா உண்ணியும் சாகும், நாயும் சாகும்!"

கணவர் இயர்போனைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது. "அடிக்கும்போது சாமி பேசிட்டிருந்தாரு. கவனம் அங்கே இருந்துச்சு. கை அதுபாட்டுக்கு எதையோ அடிச்சிருக்கு."

"இப்பக் கவனமா மாத்துங்க. சாப்பாடு அப்புறம்."

"உடனே மாத்திடறேன். மூணாவது காப்பு வாங்கி வெச்சிருக்கேன். அதை முதல்ல போட்டுட்டு மாத்திடறேன்."

"அது எதுக்கு இப்ப?"

"காப்பு குறைஞ்ச பக்கத்துல கை வெச்சா ஆபத்தாம்மா."

போட்டார். பாட்டிலை அழித்து மூடி என்று அடித்தார். 'சேமி' தட்டினார்.

சர்வர் பிழை.

லாக் அவுட் ஆனார். பெட்டியை மூடினார். கண்ணை மூடினார். புதுப்பிறவி எடுத்து உள்ளே போனார். சர்வர் பிழை. இந்தமுறை எத்தனை பிறவி எடுத்தும் அதே பிழை.

இதில் ஒரு கொடுமை. அந்தக் கருவி ரொம்ப அக்கறையானது. சேமிக்க முடியாமல்போன வேலையைப் பத்திரமாக எடுத்துவைத்து, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதையே காட்டும். ஆகவே கணவரின் திரையில் மூன்று காப்பும் இருந்தன, மூடியும் இருந்தது. ஊராரின் திரையில் பழைய பக்கம்தான் இருந்தது. அதில் பாட்டில்.

"கருவிக்காரங்களுக்குப் போன் போட்டுக் கேளுங்களேன்."

"வேத்து ஆள்கிட்டச் சொன்னா சர்வர் கோவிச்சுக்குமாம். சாமிகிட்டக் கேட்டுட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பக்கத்தைத் தொடாம இருக்கச் சொல்லியிருக்காரு."

"அதுவரைக்கும் எந்த நாய்க்கும் உண்ணி வராதா? அதுக்கும் சாமி உத்தரவு போட்டிருக்காரா?"

"நக்கல் பண்ணாதே. உனக்கு மெஷின் பத்தித் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது. அதனாலதான் சாமிகிட்டப் போறேன்."

தெரியாதவர் தெரியாதவரிடம் போய்த் தெரிந்துகொள்வது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

டாக்டரம்மா ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தாளை ஒட்டினார். கவுன்டரில் மருந்து வாங்குகிறவர்களிடம் வாயாலும் சொன்னார். ஆனால் வீட்டில் உட்கார்ந்து வெப்சைட்டைப் படிக்கிறவருக்கு வாசலில் ஒட்டிய தாள் எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. வீட்டில் சண்டை வேண்டாம் என்று விழுங்கிவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் இப்படி விழுங்கித் தொலைக்கிறார்களே, அதுதான் சாமிகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு.

மறுநாள் காலை. கணவர் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு மேல்மாடி வரிசைக்குப் போயாகிவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் படியில் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் நனைந்த துண்டு. துண்டுக்குள் அவர் வீட்டு நாய், மொட்டைவால்.

"டாக்டரம்மா! நுரை தள்ளுது! கால் வெட்டி வெட்டி இழுக்குது! பாருங்களேன்!"

"மேஜைல போடுங்க. புதுசா என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணுமே குடுக்கலை. குளிப்பாட்டினேன், அவ்வளவுதான்."

"எதுல?"

"போன வாரம் உங்ககிட்ட வாங்கின உண்ணி மருந்துலதான்."

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"நீங்க சொன்ன மாதிரியேதான். ஒரு வாளிக்கு ஒரு பாட்டில்."

"நான் எப்பய்யா சொன்னேன்?"

"உங்க வெப்சைட்லம்மா! சந்தேகம் வரக்கூடாதுன்னு புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சேனே!"

அதற்குமேல் பேச நேரமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போட்டு மேலெல்லாம் அலசினார். மறுபடி அலசினார். ஊசி போட்டார். காலில் குழாய் செருகி டிரிப் ஏற்றினார். மொட்டைவால் நடுங்கிக்கொண்டே இருந்தது. கண்கள் எங்கோ செருகியிருந்தன.

"பிழைச்சுடுமா?"

"நடுக்கம் நிக்கணும். நின்னா சொல்றேன். தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கோங்க."

போன் அடித்தது. யாரோ ஒரு பெண்குரல், ரொம்ப சந்தோஷமாக. "டாக்டர், நேத்து எங்க வீட்டு ஆள் உங்ககிட்ட மருந்து வாங்கிட்டு வந்தாரு. நீங்க ஏதோ சொன்னீங்களாம், மறந்துட்டாரு. பரவாயில்லை, வெப்சைட்ல பார்த்துக்கிட்டேன். ஒரு பாட்டிலை வாளில கவுத்துட்டேன். தண்ணி சூடா இருக்கணுமா, பச்சைத் தண்ணி போதுமா?"

"கொட்டுங்க! அந்த வாளியை அப்படியே கொட்டுங்க! நாய் எங்கே?"

"குளிக்கமாட்டேன்னு கட்டிலுக்கு அடியில உட்கார்ந்திருக்கு."

"அதுக்கு இருக்கற அறிவு... கொட்டுங்கம்மா முதல்ல. கையை நல்லாக் கழுவுங்க."

டாக்டரம்மா போனை வைத்தார். இந்தப் பெண் போன் செய்தார். செய்யாதவர்கள் எத்தனை பேரோ? இந்த நிமிடம் எந்த வீட்டில் எந்த வாளி நிறைந்துகொண்டிருக்கிறதோ? தன் பெயர் போட்ட பக்கம், தன் பெயரைச் சொல்லி நாய்களைக் கொன்றுகொண்டிருக்கிறது.

"உங்க பக்கமும் சேவ் ஆகறதில்லையா?" என்று திடீரென்று கேட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் விழித்தார். "ஆகலைம்மா. இப்ப அதுவா முக்கியம்?"

"சொல்லுங்க. எப்பலேர்ந்து?"

"மூணாவது காப்பு வெச்சதுலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி?"

"எப்பவாச்சும் எரர் வரும். லாக் அவுட் ஆகி வந்தா சரியாயிடும். சாமி கண்ணை மூடச் சொல்வாரு, மூடுவேன்."

"இப்ப லாக் அவுட் ஆனாலும் சரியாகறதில்லை."

"இல்லை."

"ஒரு நாய் நல்லாத்தான் இருந்துச்சு, புதுசா ஒரு தீனி குடுத்ததும் படுத்துடுச்சுன்னா, நான் முதல்ல என்ன சொல்வேன்?"

"அந்தத் தீனியை நிறுத்தச் சொல்வீங்க." சொல்லிவிட்டு அவரே வாயைப் பிளந்தார். "ஐயோ, டாக்டரம்மா! காப்பை எடுக்கக் கூடாது! எரிஞ்சு போயிடும்!"

"எரிஞ்சா எரியட்டும். அந்தப் பக்கம் எரியறதுதான் இப்ப ஊருக்கு நல்லது."

மொட்டைவாலை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, நுரை படிந்த அங்கியோடு படியேறினார்.

"வரிசையில வாங்கம்மா" என்று உண்டியல்காரர் கையை நீட்டினார்.

"கீழே ஒரு உயிர் இழுத்துக்கிட்டுக் கிடக்கு. அதை வரிசையில வரச்சொல்றீங்களா?"

உள்ளே கேபிள் சாமி ரவுட்டரில் காது வைத்திருந்தார். அவர்முன் கணவர், திறந்த லேப்டாப்போடு.

"நம்ம வெப்சைட்டைப் பார்த்துக் குளிப்பாட்டினதுலதான் மொட்டைவால் படுத்திருக்கு" என்றார் டாக்டரம்மா. கணவர் எழுந்தே விட்டார்.

"அவசரப்படற மனசுக்குச் சர்வர் இறங்காதும்மா" என்றார் சாமி, காதை எடுக்காமல்.

"நான் அவசரப்படலை சாமி. நீங்களே சேவ் பண்ணிக் காட்டுங்க. உங்க மூணு காப்பும் அப்படியே இருக்கட்டும். எல்லாரும் பார்க்கட்டும்."

மறுக்க வழியில்லை. சாமி கேபிள் முனையைத் திரையில் ஒத்தினார். முணுமுணுத்தார். ஊதினார். கணவரின் விரலைப் பிடித்துத் தானே தட்டவைத்தார்.

சர்வர் பிழை.

"பார்த்தீங்களா!" என்றார் சாமி, ஏதோ ஜெயித்தவர்போல. "இந்தப் பக்கத்துல பாவச் சொல் இருக்கு. உண்ணி, மருந்து, சாகும்னு ஒரே கொலைச் சொல். எப்படி ஏறும்? சர்வர் சைவம்."

கூட்டம் 'அடடா' என்றது. டியூஷன் டீச்சர் தன் பக்கத்தில் 'தேர்வு பயம்' என்று எழுதியிருந்ததை நினைத்துத் திடுக்கிட்டார்.

"அப்படியா? அப்போ சொல்லே இல்லாத ஒரு வெறும் பக்கம் திறப்போம்." டாக்டரம்மா மவுஸைக் கையில் எடுத்தார். வெள்ளையாக ஒரு புதுப் பக்கம். 'சேமி.'

சேமிக்கப்பட்டது.

"ஏறிடுச்சு. இனிமே இதுல உங்க மூணு காப்பை மட்டும் வைக்கிறேன். நல்லாப் பாருங்க, வேற ஒரு எழுத்துகூடக் கிடையாது." தங்கக் கண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து உட்கார்ந்தன. 'சேமி.'

சர்வர் பிழை.

ரவுட்டர்கூட மின்னுவதை நிறுத்திவிட்டது போலிருந்தது.

"இதுல எது சாமி பாவச் சொல்?"

"அதுல சொல்லே இல்லையே!" என்றார் டியூஷன் டீச்சர், தன்னை மறந்து.

"வெறும் சாமிதான் இருக்கு" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"இப்ப ஒண்ணை எடுக்கறேன்."

"எடுக்காதே! எரிஞ்சுடும்!" என்றார் கணவர். முன்வரிசை பின்னால் நகர்ந்தது. ஒரு பெரியவர் சுவரிலிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எடுத்தார். 'சேமி.' சேமிக்கப்பட்டது. எதுவும் எரியவில்லை. பெரியவர் சிலிண்டரை விட்டபாடில்லை.

"மறுபடி வெச்சுப் பார்ப்போம். ஒரு தடவையை நம்பக் கூடாது." வைத்தார், பிழை. எடுத்தார், சேமித்தது. யார் வேண்டுமானாலும் வந்து செய்யலாம் என்றார். தையல் மாஸ்டர் வந்து செய்தார். அவர் கைக்கும் அதேதான். சர்வர் ஆள் பார்க்கவில்லை.

"இது கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ஒரு நேரத்துல இவ்வளவுதான் வாங்குவேன்னு அதுக்கு ஒரு வயிறு இருக்கு. இந்தப் படம் ஒவ்வொண்ணும் ஒரு யானை. ரெண்டு வரைக்கும் முக்கி முக்கி விழுங்குச்சு. மூணாவது போனா வாந்தி எடுக்குது. அவ்வளவுதான்."

பேசிக்கொண்டே ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்து, மூன்று கண்களையும் பிடுங்கிப் போட்டார். 'சேமி.'

"ஏங்க, உங்க போன்ல பாருங்க."

கணவர் போனைத் திறந்தார். "மூடி... ஒரு வாளிக்கு ஒரு மூடி. வந்துடுச்சும்மா! மூடின்னு வந்துடுச்சு!"

டாக்டரம்மா அப்போதுதான் மூச்சு விட்டார்.

கேபிள் சாமி லேசுப்பட்டவரா? கையை உயர்த்தினார். "நான்தான் மனசுக்குள்ள உத்தரவு குடுத்தேன். 'போதும், இறங்கு'ன்னேன். இறங்கிடுச்சு."

"அதானே பார்த்தேன்" என்றது ஒரு குரல். "சாமி இல்லாம நடக்குமா!" என்றது இன்னொன்று. கண்முன் நடந்ததை மறக்க நம் ஆட்களுக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கும் ஒரு வெப்சைட் இருக்கில்ல சாமி? காப்பு விக்கற பக்கம்? அது ஒருநாளும் படுத்ததே இல்லையே. அதுல எத்தனை காப்பு வெச்சிருக்கீங்கன்னு பார்ப்போம்."

வாசலிலிருந்து உண்டியல்காரர் பாய்ந்து வந்தார். "அத்தான்! அதைத் திறக்கவிடாதீங்க அத்தான்!"

அத்தானா? அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உறவும் பற்றும் அறுத்தவர் என்று சொல்லப்பட்ட சாமிக்கு மைத்துனர் முளைத்துவிட்டார்.

டியூஷன் டீச்சர் அதற்குள் திறந்துவிட்டிருந்தார். பக்கத்தைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். "காப்பே காணோமே." மூக்கு திரையில் முட்டும்வரை குனிந்தார். "இருங்க, இருங்க. இதோ இருக்கு. கடுகு மாதிரி."

கடுகளவு தங்கக் கண்.

"சுருக்கினா சக்தி சுருங்கும்னு சொன்னீங்களே சாமி?" என்றார் தையல் மாஸ்டர். அவர் குரலில் இன்னும் மரியாதை இருந்தது. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"அது... அது என் சக்திக்குச் சின்னது போதும்."

"பெருசா வெச்சா சேவ் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் டாக்டரம்மா. "அதனால உங்களுக்குக் கடுகு. எங்களுக்கு யானை."

மைத்துனருக்கு அழுகை வந்துவிட்டது. "நான் அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே அத்தான்! அவங்களுக்கும் சின்னதாவே குடுத்துடலாம்னு. நீங்கதானே, 'ஒழுங்கா சேவ் ஆயிட்டா அப்புறம் எவன்டா வருவான்'னீங்க!"

இதற்கு மேல் ஒரு சோதனையும் தேவைப்படவில்லை.

சாமி மெல்ல எழுந்து கதவைப் பார்த்தார். நெஞ்சில் தொங்கிய கேபிள் முனையைத் தையல் மாஸ்டர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எதுல கனெக்ட் ஆகியிருக்குன்னு டீச்சர் அன்னிக்குக் கேட்டாங்களே. இப்பத்தான் தெரியுது. எங்க சட்டைப்பைல!"

கேபிளைக் கழற்றி அவர் கையிலேயே விட்டுவிட்டுச் சாமி படியிறங்கினார். அத்தனை பேரும் பின்னாலேயே இறங்கினார்கள், உண்டியலைக் கேட்டுக்கொண்டு.

அத்தனை பேரும் என்றா சொன்னேன்? இல்லை. ஒரு கும்பல் லேப்டாப்போடு டாக்டரம்மாவைச் சூழ்ந்துகொண்டது.

"டாக்டரம்மா, எங்க பெட்டியிலயும் உங்க கையை வெச்சுக் குடுங்க."

"என் கையில என்ன இருக்கு? நாய் எச்சில்தான் இருக்கு."

"பரவாயில்லைம்மா. அதையே தடவிவிடுங்க."

டாக்டரம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கையில் எச்சில் இருந்ததால் விட்டுவிட்டார். "என் கை வேணாம். உங்க கை போதும். எதை வெச்ச பிறகு கெட்டுச்சோ, அதை எடுத்துப் பாருங்க. சரியாகலைன்னா வேற ஒண்ணை எடுத்துப் பாருங்க. அதுக்கும் சரியாகலைன்னா கருவிக்காரங்களைக் கேளுங்க. சர்வர் ஒண்ணும் கோவிச்சுக்காது. அதுக்குக் கோவிச்சுக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். வழி விடுங்க."

கணவர் கூடவே இறங்கி வந்தார். ஆஸ்பத்திரிக் கதவருகே காதிலிருந்த இயர்போனைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார். உள்ளே போய் மொட்டைவாலின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானத்துக்குமேல் நடுக்கம் நின்றது. சாயங்காலம் மொட்டைவால் தலையைத் தூக்கி, இருக்கும் கொஞ்சூண்டு வாலை ஆட்டிப் பார்த்தது. கண்ணாடிக்கடைக்காரர் புதுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார்.

அடுத்த வாரம் நாயை அள்ளிக்கொண்டு மறுபடி காட்டவந்தார். கவுன்டரில் உண்ணி மருந்துப் பாட்டிலைக் கண்டதுதான் தாமதம், மொட்டைவால் அவர் கையிலிருந்து குதித்து மேஜைக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. கூப்பிட்டும் வரவில்லை. கெஞ்சியும் வரவில்லை.

"பாருங்க டாக்டரம்மா! ஒரே தடவைதான் பட்டுச்சு. எப்படிப் புரிஞ்சுக்கிச்சு பாருங்க!" அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து மேஜைமேல் வைத்தார். "அப்புறம் ஒண்ணு கேக்கணும். மூணு காப்பையும் எடுத்துட்டேன். சேவ் ஆகுது. இருந்தாலும் மனசு கேக்கலை. கடுகளவு ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கட்டுமா? சும்மா, ஒரு ஓரமா?"

டாக்டரம்மா மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அது ஒருத்தர்கிட்டயும் போய்க் கேக்கலை. எது பட்டப்போ எரிஞ்சுதுன்னு தானே யோசிச்சுது, ஒதுங்கிக்கிச்சு. பாவம், அதுக்கு வால்கூட முழுசா இல்லை. உங்களுக்குத் தலை முழுசா இருக்கே. அதை எப்பத் திறப்பீங்க?"